டிசம்பரிலும் கதவு திறந்திருக்கும்: பாலர் பள்ளி ஆசிரியையிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 25. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் பாலர் பள்ளியில் வேலை. ஆண்டிறுதி விடுமுறை வந்துவிட்டால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், பிள்ளைகளின் அம்மா அப்பா, எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வை முடித்த தங்கைகள் என்று எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான்கு டிசம்பர் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

பள்ளி விடுமுறைதானே, உங்களுக்கும் லீவுதானே?

இல்லை. கேள்விகளில் இதுதான் எப்போதும் முதலில் வரும், அதனால் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இடம் ஒரு மூலை வீடு. காலையில் பாலர் பள்ளி, மதியத்துக்கு மேல் பிள்ளைப் பராமரிப்பு. ஆண்டு முடிந்தால் நிற்பது பாடம் மட்டும்தான். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் பக்கத்து ஊரான பிறையிலும் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது 1972-இல். அன்றிலிருந்து இந்த ஊரின் கடிகாரம் ஷிஃப்ட் கடிகாரம்தான். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை இயந்திரத்தின் முன் நிற்கும் அம்மாவுக்குப் பள்ளி விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. பிள்ளைக்கு உண்டு. அந்த இடைவெளியில் நிற்பது நாங்கள்.

இன்னொன்றும் உண்டு. விடுமுறையில் தம்பி தங்கைகளோடு தமிழ்ப்பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்காக்களும் வந்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் நான்கிலிருந்து ஆறு வயது வரைதான். டிசம்பரில் நான்கு வயதும் ஒன்பது வயதும் ஒரே ஹாலில். ஒன்பது வயதுப் பையன் காற்பந்து உதைக்கும் இடத்தில் நான்கு வயதுப் பிள்ளை படுத்துத் தூங்க வேண்டும். ஆண்டிலேயே கனமான மாதம் எது என்று கேட்டால் டிசம்பர் என்பேன்.

கனடாவிலிருந்து பேசும் மாமா “விண்டர் ஹாலிடே எப்படிப் போகிறது” என்று கேட்கிறார். பினாங்கில் குளிர் ஏது?

மாமா போர்வைக்குள்ளிருந்து கேட்கிறார், நான் மின்விசிறிக்குக் கீழே நின்று பதில் சொல்கிறேன். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் கிளந்தானையும் திரெங்கானுவையும் புரட்டிப் போடும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் மலைத்தொடர் இருப்பதால் பினாங்குக்கு அந்த அடி விழுவதில்லை. எங்கள் பெருமழை செப்டம்பர், அக்டோபரிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரி நெருங்க நெருங்க வெயில்தான்.

ஆனால் குளிர்காலம் மாதிரி ஒன்று இருக்கிறது. அது காலை இருட்டு. டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் எழ ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்களே, அதன் பலனை ஒவ்வொரு நாளும் நான் பார்க்கிறேன். ஆறே முக்காலுக்குக் கேட்டைத் திறக்கும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். மோட்டார் வண்டிகளின் முன்விளக்கு ஒவ்வொன்றாக வந்து நிற்கும். மழைக்கோட்டுக்குள் சுருட்டி வைத்த பிள்ளையைத் தூங்கத் தூங்க என் தோளுக்கு மாற்றிவிட்டு அப்பா கிளம்பிவிடுவார்.

விடுமுறையில் ஒரு நாள் எப்படிப் போகும்?

ஏழு மணிக்குள் ஐந்தாறு பிள்ளைகள் வந்துவிடும். மறுபடி தூங்குகிறவர்கள் தூங்கலாம். எட்டரைக்குப் பசியாறல்: ரொட்டி, மைலோ, சில நாள் அவித்த கடலை. ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரைதான் ‘திட்டம்’ என்று காகிதத்தில் எழுதி வைத்திருப்பது நடக்கும். அதற்குமேல் எந்தத் திட்டமும் நிற்காது. குளியல், சாப்பாடு, தூக்கம்.

பிள்ளைகள் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எங்களுடைய உண்மையான வேலை நேரம். அடுத்த ஆண்டுக் கோப்புகள், புதுப் பிள்ளைகளின் பெயர் ஒட்டிகள், கழற்றிய சுவரலங்காரம், பொம்மை கழுவுதல். லெகோ கட்டைகளை க்ளோரோக்ஸ் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பழைய தாவணி ஒன்றை விரித்துக் காயவைப்போம். ஒரு கூடைக் கட்டையில் எவ்வளவு பிஸ்கட் துகள் சிக்கியிருக்கும் என்று கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். போன டிசம்பரில் ஒரு கட்டைக்குள் ஒரு பால்பல் கிடந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. எந்த அம்மாவும் கேட்டு வரவுமில்லை.

பனியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

தமிழில் சொல்லித் தருவதுதான் சிக்கலும் சுவையும். பேரங்காடியில் பஞ்சுப் பனியையும் பனிமனிதனையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். “டீச்சர், பனி எப்ப வரும்?” என்று ஒருத்தி கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவன் சொன்னான்: “எங்க பாட்டி வீட்டுல தினமும் வருது. புல்லெல்லாம் நனைஞ்சிருக்கும். தலையில துண்டு கட்டிட்டுத்தான் வெளிய போகணும்.” அவள் விடவில்லை. “அது பனி இல்ல. பனி வெள்ளையா இருக்கும்.” இருவரும் சரிதான். மார்கழியில் பாட்டி பயப்படும் பனியும் கனடா மாமா மண்வெட்டியால் அள்ளும் பனியும் நமக்கு ஒரே சொல். ‘உறைபனி’ என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து வயதுக்கு அது ஏறவில்லை.

அதனால் தொட்டுப் பார்க்க விட்டோம். ஐஸ் காச்சாங் கடைக்காரரிடம் ஒரு பை துருவிய ஐஸ் வாங்கி அலுமினியத் தட்டில் கொட்டினோம். முதல் ஐந்து நிமிடம் கூச்சல், அடுத்து எல்லாரும் நக்கிப் பார்த்தார்கள், அப்புறம் அமைதி. பிறகு ஐஸ் கட்டியின் மேல் ஒரு நூலை வைத்து உப்பைத் தூவச் சொன்னேன். உப்பு பட்ட இடம் உருகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். நூலைத் தூக்கினால் கட்டியும் கூடவே வரும். மீன் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே செய்தார்கள்.

ஒரு பையன் மட்டும் அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று ஒரு கட்டியை யாருக்கும் தெரியாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டது: “டீச்சர், இன்னைக்கும் கழிவறைக்குப் போகச் சொல்ல மறந்துட்டானா?” அவன் அழுத அழுகையை என்னவென்று சொல்வது. பனி தொலைந்ததும் போய், பழியும் வந்து சேர்ந்தது.

பஞ்சை ஜன்னலில் ஒட்டிப் பனி காட்ட நினைக்கும் டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை: நம்மூர் ஈரத்தில் ஒரே வாரத்தில் சாம்பல் நிறமாகிவிடும். காகிதத்தை மடித்துக் கத்தரியுங்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாடுவீர்களா, மார்கழியா, சீனர் பண்டிகையா?

கொஞ்சம் கொஞ்சம் எல்லாம். கிறிஸ்துவப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாட்டு உண்டு, காகித நட்சத்திரம் உண்டு. சில மலாய்க்காரப் பெற்றோர் கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளை நட்சத்திரம் வெட்டட்டும், தொப்பி போடாமல் இருக்கட்டும். இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை. மார்கழிக்குச் சுண்ணக்கட்டியால் வாசல் சிமெண்டில் புள்ளி வைத்துக் கோலம். ஒன்பது வயதுப் பையன்களை அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புள்ளி எண்ண வைத்தால் போதும்.

எனக்குப் பிடித்தது டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும் தோங் ஜீ. வடகோளத்தில் பகல் மிகக் குறைந்த நாள், சீனர்களின் குளிர்காலத் திருநாள். எங்களோடு வேலை செய்யும் சீன டீச்சர் அன்று தாங் யுவான் செய்யக் கற்றுத் தருவார். பினாங்கு ஹொக்கியனில் குவே ஈ. பசையரிசி மாவு, கடையில் புலூட் மாவு என்று கேட்டு வாங்குவோம். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, பாதிக்கு இளஞ்சிவப்புச் சாயம் கலந்து, கோலிக்குண்டு அளவில் உருட்ட வேண்டும். கொதிநீரில் போட்டால் மூழ்கும், வெந்ததும் மிதக்கும். இஞ்சியும் பாண்டான் இலையும் போட்ட சர்க்கரைப்பாகில் இட்டுச் சாப்பிடுவது. முதல் தடவை பார்த்தபோதே நான் சொல்லிவிட்டேன், இது எங்கள் பால் கொழுக்கட்டையின் சித்தப்பா பிள்ளை என்று.

சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பது அவர்கள் வழக்கம். இதைக் கேட்ட ஐந்து வயதுக்காரி மூன்று உருண்டையை விழுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “எனக்கு எட்டு வயசு. நான் ரெண்டாம் ஆண்டு போறேன்.” கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு முழு உருண்டை கொடுக்காதீர்கள். தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். நான்கு துண்டாக வெட்டி, உட்கார வைத்துக் கொடுங்கள்.

விடுமுறை மாதத்தில் சம்பளம் உண்டா?

உண்டு, இருக்கவேண்டும். இதை நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், “டிசம்பரில் பாடம் இல்லை, அதனால் பாதிச் சம்பளம்” என்றார்கள். வேலை மட்டும் முழு நாள். எனக்கு அப்போது 21 வயது, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம்கூட ஒரு வாரம் சொல்லவில்லை.

இப்போது சேருகிறவர்கள் தலையாட்ட வேண்டாம். தனியார் பாலர் பள்ளி ஆசிரியை அரசாங்க ஆசிரியர் அல்ல, அதனால் பள்ளி விடுமுறை அவளுடைய விடுமுறை அல்ல. ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவளுக்கும் உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான வேலைக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்தோடு விடுப்பு, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை 12, அதற்குமேல் 16. பொது விடுமுறை 11 நாள் தனி. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்காதவர்களுக்கு அதற்குமேல் செய்வது ஓவர்டைம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து 1,700 வெள்ளி. இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இரண்டும் கட்டுகிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

இந்தச் சம்பளத்தில் பெரிய வாழ்க்கை வாழ முடியாது. அதையும் மறைக்க வேண்டாம். என் தோழிகளில் இருவர் தொழிற்சாலைக்கு மாறிவிட்டார்கள். ஓவர்டைம் சேர்த்து என்னைவிட அதிகம் வாங்குகிறார்கள். அதில் ஒருத்தியின் பிள்ளையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

தாடிகா, தாஸ்கா என்ன வித்தியாசம்?

தாஸ்கா என்பது பிள்ளைப் பராமரிப்பு நிலையம், நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, சமூகநல இலாகாவில் பதிவு. தாடிகா என்பது பாலர் பள்ளி, நான்கிலிருந்து ஆறு வயது வரை, கல்வி அமைச்சில் பதிவு. தாஸ்காவில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்கவேண்டும், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு ஐந்துக்கு ஒருவர். பிள்ளையைச் சேர்க்கும்போது சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பாருங்கள், அப்புறம் ஆட்களை எண்ணுங்கள். விடுமுறையில் போய் எண்ணினால் இன்னும் நல்லது. ஆள் குறையும் மாதம் அது.

பட்டமளிப்பு விழா என்று ஆறு வயதுக்கு அங்கியும் தொப்பியும் தேவையா?

தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் கேட்பவர்கள் முன்னால் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் ஆட்டப் பயிற்சி, வாடகை உடை, மேடையில் ஒரு பிள்ளை அழும், ஒன்று அம்மாவைக் கண்டு கையசைத்துக்கொண்டே நிற்கும், ஒன்று தொப்பிக் குஞ்சத்தைக் கடிக்கும். செலவுக்குப் பயந்து வராத பிள்ளையும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு உண்டு, அதுதான் எனக்கு உறுத்தும். அப்படியிருந்தும் போன தடவை, ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு ஓடிவந்த ஓர் அப்பா கடைசி வரிசையில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபின் நான் வாயை மூடிக்கொண்டேன்.

நீண்ட விடுமுறையில் பிள்ளை எழுத்தை மறந்துவிடாதா?

முன்பு ஆறு வாரம் இருந்தது. கோவிட் வந்து பள்ளி ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போய், பிறகு 2025-இல் பிப்ரவரிக்கு நகர்ந்து, 2026-இல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. அதனால் 2025 கடைசியில் விடுமுறை சுமார் மூன்று வாரம்தான் இருந்தது. மூன்று வாரத்தில் ‘அ’ ஓடிப்போகாது.

பயிற்சிப் புத்தகம் வாங்கிக் குவிக்காதீர்கள். எழுதுவதற்கு விரலில் வலு வேண்டும், அது பென்சிலால் மட்டும் வருவதில்லை. சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள். துணிக் கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள். நெத்திலி தலை கிள்ளச் சொல்லுங்கள், நாற்றம் என்பார்கள், பரவாயில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு ழகர ளகரத்தைவிட முக்கியமான இரண்டு உண்டு: கேண்டீனில் காசு கொடுத்து மிச்சம் வாங்கத் தெரிவது, கழிவறைக்குத் தனியாகப் போய்வரத் தெரிவது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு ஆசிரியையாக இருக்கும் என் அக்காவைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

வீட்டில் தமிழ் பேசுங்கள். அது போதும். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது. டேப்லட்டில் ஆங்கிலக் கார்ட்டூன் பார்த்து மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளை என்னை “மிஸ், ஐ வாண்ட் வாட்டர்” என்கிறது. தண்ணீர் கொடுப்பேன். “தண்ணி வேணும் டீச்சர்” என்று சொல்லவைத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

லேசான காய்ச்சல்தான், அனுப்பலாமா?

கூடாது. உங்களுக்கு லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கோபமில்லாமல் எழுத முயல்கிறேன். ஒரு டிசம்பரில் ஒரு பிள்ளை காலையில் பாரசிட்டமால் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தது. பதினொரு மணிக்கு மருந்து இறங்கியதும் உடம்பு கொதித்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் சிவப்புப் புள்ளிகள், வாயில் புண். கை, கால், வாய் நோய். ஒரு வாரத்தில் இன்னும் ஐந்து பிள்ளைகள் படுத்தார்கள், நிலையத்தை மூடினோம். ஒரு வீட்டுக்கு மிச்சமான ஒரு நாள் லீவு, ஆறு வீட்டுக்குப் பல நாள் லீவாகப் போனது.

எச்சில், மலம், கொப்புளத்து நீர் எல்லாவற்றாலும் பரவும். இந்தக் கிருமிகளிடம் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டிய நோய் என்பதால் மறைத்து வைக்கவும் முடியாது, மறைக்கவும் மாட்டோம்.

டீச்சருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

குவளை வேண்டாம். ஏழு வைத்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

எஸ்பிஎம் முடித்தபின் ஆரம்பக் குழந்தைப்பருவக் கல்வியில் டிப்ளோமா. வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகவும் படிக்கலாம், நான் அப்படித்தான் முடித்தேன். பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதால் டைஃபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் தேவைப்படும். ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

படிப்புக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். டிசம்பரில் எங்கேயாவது இரண்டு வாரம் உதவியாளராகப் போய்ப் பாருங்கள். மேடையும் பாட்டும் முடிந்து, அலங்காரம் கழற்றி, தரையில் மைலோ சிந்திக் கிடக்கும்போதும் பிடிக்கிறதென்றால் வாருங்கள்.

எப்போ கல்யாணம்?

அத்தை, இது பாலர் பள்ளியைப் பற்றிய பக்கம்.

கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்குப் போகும்?

பலகையில் ஏழு மணி என்று இருக்கிறது. தாமதமானால் கட்டணம் என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது வரியை நாங்கள் அதிகம் வாசிப்பதில்லை.

போன டிசம்பர் 31. மற்றவர்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். ஒரே ஒரு பையன் மிச்சம். அவன் அம்மாவுக்குத் தீவில் வேலை, பாலத்தில் நெரிசல் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) தகவல். ஏழரைக்கு மழை பிடித்தது. இருவரும் மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்றோம். கழுவிக் காய்ந்த லெகோவில் அவன் ஒரு பாலம் கட்டினான், அதில் ஒரு மோட்டார் வண்டியை நிறுத்தி, “அம்மா இங்க இருக்காங்க” என்றான். சற்று நேரம் கழித்து அதைக் கொஞ்சம் நகர்த்தினான். அப்புறம் இன்னும் கொஞ்சம். என் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது வண்டி பாலத்தின் கடைசிக் கட்டைக்கு வந்திருந்தது.

அம்மா வந்தபோது எட்டே கால். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, “மன்னிச்சிருங்க டீச்சர்” என்று ஒரு பொட்டலம் மீ கோரெங்கை என் கையில் வைத்தார். பையன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

“டீச்சர், நாளைக்கு ஸ்கூல் இருக்கா?”

“நாளைக்கு இல்லடா. நாளன்னைக்கு இருக்கு.”